ஆக்லாந்து சைக்கிள் சாலைப் பந்தயங்கள்: விபத்தும் பாதுகாப்பும்

நியூசிலாந்தின் மிகப் பெரிய நகரமான ஆக்லாந்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நடக்கும் சைக்கிள் சாலைப் பந்தயங்களில் நேரும் விபத்துகளையும், அவற்றையொட்டி உருவான விதிகளையும் சட்டங்களையும் பற்றியது இக்கட்டுரை. ஐரோப்பாவின் பெரிய தொழில்முறைப் பந்தயங்களுக்குப் போலீசார் சாலையையே அடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆக்லாந்தில் காமன்வெல்த் போட்டி போன்ற பெரும் நிகழ்ச்சிகள் நீங்கலாக, பந்தயம் போக்குவரத்தோடுதான் சாலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வளைவைத் திரும்பினால் எதிரே பால் லாரி வரலாம். இங்குள்ள பாதுகாப்பு வரலாறு தனிப் பாதையில் போனதற்கு இதுவே முதற்காரணம்.

விழுவது எப்படி

சாலைப் பந்தயத்தில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகிறது. அதனால் ஒருவருடைய பின் சக்கரத்துக்கும் அடுத்தவருடைய முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண், சில வேளை நான்கு விரற்கடை இடைவெளிதான் இருக்கும். இரண்டு சக்கரங்களும் பக்கவாட்டில் மேவி நிற்கும் கணம்தான் மிக ஆபத்தானது. முன்னவர் ஒரு குழியைத் தவிர்க்கச் சற்றே விலகுவார்; சக்கரங்கள் உரசும்; விழுவது பெரும்பாலும் பின்னவர். முன் சக்கரம் பிடிபட்டபின் சைக்கிளைத் திருப்பிச் சமநிலைக்குக் கொண்டுவர வழியில்லை. முன்னவர் என்ன நடந்தது என்றே தெரியாமல் போய்விடுவார். சைக்கிள் ஸ்டாண்டில் ஒன்று சாய்ந்தால் வரிசையே சாய்வதுபோல் பின்னால் வருகிறவர்கள் அடுக்கடுக்காக விழுவார்கள். விழுகிறவரின் தோள் பெரும்பாலும் நேராகத் தரையில் மோதுகிறது; அனிச்சையாகக் கையை ஊன்றினாலும் அதிர்ச்சி தோளுக்கு ஏறுகிறது. சைக்கிள் வீரர்களிடையே காறை எலும்பு முறிவு இத்தனை சகஜமாக இருப்பது அதனால்தான்.

ஆக்லாந்துக்கு வெளியே கிளிவ்டன், வையுக்கு போன்ற கிராமப்புறங்களில் மன்றப் பந்தயங்கள் நடக்கும் சாலைகள் வழவழப்பான தார்ச்சாலைகள் அல்ல. தாரைத் தெளித்து, அதன் மேல் சரளைக் கற்களைப் பரப்பி உருளையால் அழுத்திய 'சிப் சீல்' சாலைகள். புதிதாகப் போட்ட இடத்தில் ஒட்டாத கற்கள் சோளம்போல் சிதறிக் கிடக்கும். கோடையில் தார் இளகி மேலே கசியும். மழையில் வெள்ளைக் கோடுகள் வழுக்கும். ஆக்லாந்தில் மழைக்குப் பஞ்சமே இல்லை. இத்தகைய சாலையில் விழுந்தால் இடுப்பிலும் தொடையிலும் தோல் உரிந்து, காயத்துக்குள் கல் பொடி ஏறிவிடும். மருத்துவ உதவியாளர் அதைத் தூரிகையால் தேய்த்துக் கழுவும் நேரம்தான் பலருக்குப் பந்தயத்தைவிடக் கொடுமையானது.

கூட்டத்துக்குள் பாதுகாப்பு பெரும்பாலும் வாய்வழியாகவே நடக்கிறது. பின்னாலிருந்து வண்டி வந்தால் 'கார் பேக்' என்று கடைசி ஆளிலிருந்து முன்னாலும், எதிரே வந்தால் 'கார் அப்' என்று முதல் ஆளிலிருந்து பின்னாலும் குரல் கைமாறிப் போகும். குழியை விரல் நீட்டிக் காட்டுவார்கள். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் கூட்டமாக ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

1950 முதல் 1990 வரை

1950 பிப்ரவரியில் ஆக்லாந்தில் பிரிட்டிஷ் எம்பயர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. சாலைப் பந்தயத்தில் ஆஸ்திரேலியர் ஹெக்டர் சதர்லாண்ட் வென்றார். சைக்கிள் ஓடுதளப் பந்தயங்களில் இரண்டு தங்கம் வென்றவர் மற்றோர் ஆஸ்திரேலியரான ரஸ்ஸல் மாக்ரிட்ஜ். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் இன்னும் இரண்டு தங்கம் வென்றார். 1955 டூர் டி பிரான்ஸை ஓட்டி முடித்தார். 1958 செப்டம்பர் 13 அன்று மெல்பர்ன் புறநகரில் டூர் ஆஃப் கிப்ஸ்லாண்ட் பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில் ஒரு சாலைச் சந்திப்பில் பேருந்து மோதி இறந்தார். வயது 30. சறுக்கலோ, மலை இறக்கமோ, இறுதிக்கட்ட முட்டிமோதலோ அவரைக் கொல்லவில்லை. போக்குவரத்துக்குத் திறந்துவிட்ட சாலைதான் கொன்றது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என டாஸ்மன் கடலின் இரு கரைகளிலும் பந்தயம் நடத்துகிறவர்களின் அச்சம் இன்றைக்கும் அதுதான்.

நியூசிலாந்துக்கே உரிய இன்னொரு ஏற்பாடு 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏசிசி என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் விபத்து இழப்பீட்டுக் கழகம், யார் தவறு என்று கேட்காமல் விபத்தில் காயம்பட்டவரின் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு வருமானத்தில் ஒரு பகுதியையும் தருகிறது. அதற்கு ஈடாக, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு எவர் மீதும் வழக்குத் தொடுக்கும் உரிமை பெரும்பாலும் போய்விட்டது. பந்தயம் நடத்தும் தன்னார்வலர் ஒருவர், விழுந்த வீரர் தம் வீட்டை விற்க வைத்துவிடுவாரோ என்று பயப்படத் தேவையில்லை. உள்ளூர் மன்றங்கள் சொற்பக் கட்டணத்தில் வாரந்தோறும் பந்தயம் நடத்த முடிவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் சிவில் வழக்குக்குத் தடை இருந்ததே தவிர, குற்ற வழக்குக்குத் தடை இல்லை. அது எத்தனை பெரிய விஷயம் என்பது முப்பதாண்டு கழித்துத்தான் உறைத்தது.

1990இல் ஆக்லாந்தில் நடந்த காமன்வெல்த் போட்டிகளுக்காக மனுக்காவில் சைக்கிள் ஓடுதளம் கட்டப்பட்டது. ஆடவர் சாலைப் பந்தயத்தில் நியூசிலாந்தின் கிரேம் மில்லர் தங்கமும், பிரையன் ஃபவ்லர் வெள்ளியும் பெற்றனர். காமன்வெல்த் போட்டிகளில் பெண்கள் சைக்கிள் பந்தயத்தில் இறங்கியதும் ஆக்லாந்தில்தான் முதன்முறை. சாலைத் தங்கம் ஆஸ்திரேலியாவின் கேத்தி வாட்டுக்குச் சென்றது.

தலைக்கவசம்

1986இல் பாமர்ஸ்டன் நார்த் நகரில் பள்ளிக்குச் சைக்கிளில் சென்ற ஒரு சிறுவன் கார் மோதி மூளையில் நிரந்தரப் பாதிப்புக்கு ஆளானான். செவிலியரான அவன் தாய் ரெபெக்கா ஓட்டன் நாடெங்கும் பள்ளி பள்ளியாகப் போய் ஹெல்மெட் அணியச் சொல்லிப் பிரசாரம் செய்தார். 1994 ஜனவரி 1 முதல் சாலையில் சைக்கிள் ஓட்டும் அனைவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. அணிவோர் விகிதம் 90 விழுக்காட்டைத் தாண்டியது. சைக்கிள் ஓட்டுவோர் எண்ணிக்கையை அந்தச் சட்டம் குறைத்துவிட்டதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

தொழில்முறை உலகமோ அப்போது எதிர்த்திசையில் இருந்தது. 1991இல் சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூசிஐ ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க முயன்றபோது, பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்துப் போராட, ஒன்றியம் பின்வாங்கியது. 1995 ஜூலை 18 அன்று டூர் டி பிரான்ஸில் மலை இறக்கத்தில் விழுந்து இறந்த இத்தாலியர் ஃபாபியோ கசார்டெல்லி ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. அப்போதும் விதி மாறவில்லை. 2003 மார்ச்சில் கசகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் பாரிஸ்–நீஸில் விழுந்து இறந்த பிறகுதான் மாறியது. முதலில், கடைசி மலையேற்றத்தில் கழற்றிவிடலாம் என்று ஒரு சலுகையும் வைத்தார்கள்! ஆக்லாந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒன்பதாண்டாக அணிந்துவந்ததை உலகின் தலைசிறந்த வீரர்கள் அப்போதுதான் ஏற்றுக்கொண்டார்கள்.

நடுக்கோடு

நியூசிலாந்துப் பந்தய நிர்வாகத்தையே உலுக்கிய நிகழ்வு ஆக்லாந்தில் அல்ல, தென் தீவில் நடந்தது. 2001இல் கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து அகரோவா வரை நடந்த 'லெ ரேஸ்' பந்தயத்தில் ஒரு பெண் பங்கேற்பாளர் நடுக்கோட்டைத் தாண்டிச் சென்று எதிரே வந்த கார் மோதி உயிரிழந்தார். சாலை அடைக்கப்பட்டிருந்ததா, இல்லையா என்று பங்கேற்றவர்களுக்குச் சொல்லப்பட்டதில் தெளிவில்லை என்பதே வழக்கின் சாரம். 2003இல் நிகழ்ச்சியை நடத்தியவர் மேல் குற்றத்தன்மையுள்ள தொல்லை விளைவித்ததாகக் குற்றம் நிரூபணமாகி, 10,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது.

தீர்ப்பு ரத்தானாலும் பயம் ரத்தாகவில்லை. சனிக்கிழமை காலையில் கூம்புகளை அடுக்கிக் கொடி பிடித்து நிற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் தச்சருக்கும் நீதிமன்றக் கூண்டு கண்ணில் தெரிந்தது. போக்குவரத்து மேலாண்மைத் திட்டம், முன்னும் பின்னும் விளக்கு சுழலும் வண்டிகள், பந்தயம் நடப்பதாக அறிவிக்கும் பலகைகள், கொடி காட்டுவோருக்குப் பயிற்சி என்று காகிதமும் செலவும் பெருகின. இவற்றில் சில வெறும் சம்பிரதாயம்தான். எனினும் ஒரு விதி மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் நிலைத்தது: நடுக்கோட்டைத் தாண்டியவர் வென்றாலும் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். கோட்டுக்கு அப்பால் ஒரு சைக்கிள் அகலம் காலியாகத் தெரியும்போது அதைத் தாண்டாமல் அடக்கிக்கொள்வது எத்தனை கடினம் என்பது பந்தயம் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஆக்லாந்தில் பந்தய வீரர்களின் பயிற்சிக் களமான கடலோரச் சாலை டமாக்கி டிரைவும் தப்பவில்லை. 2009 செப்டம்பரில் அங்கே கூட்டமாக ஓட்டிச் சென்றவர்கள் மீது கார் மோதி நால்வர் காயமடைந்தனர். 2010 நவம்பரில் அதே சாலையில் சைக்கிளில் சென்ற ஒரு பெண் உயிரிழந்தார். நாடெங்கும் ஐந்தே நாட்களில் ஐந்து சைக்கிளோட்டிகள் மாண்ட வாரம் அது. மரண விசாரணை அதிகாரிகள் சைக்கிள் விபத்துகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். 2014இல் சைக்கிள் பாதுகாப்புக் குழு ஒன்று அரசுக்கு அறிக்கை கொடுத்தது. பின்னாட்களில் டமாக்கி டிரைவின் ஒரு பகுதியில் தனித் தடம் போடப்பட்டது. வேகமாக ஓட்டும் பயிற்சிக் கூட்டத்துக்கு அந்தத் தடம் போதாது. அவர்கள் இன்னும் கார்களோடுதான் ஓட்டுகிறார்கள்.

வெளியுலகில்

ஐரோப்பாவில் ஓட்டும் நியூசிலாந்தர்களுக்கு ஆபத்து வேறு உருவில் வரும். 2010 டூர் டி பிரான்ஸின் 11ஆம் கட்ட இறுதியில் ஆஸ்திரேலியர் மார்க் ரென்ஷா, நியூசிலாந்தின் ஜூலியன் டீனைத் தலையால் மூன்று முறை முட்டினார். அன்றே பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆக்லாந்துக்காரரான ஆரன் கேட், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் ஓடுதளத்தில் அணித் துரத்தலில் வெண்கலத்துக்கான சுற்றில் சக வீரரின் சக்கரத்தில் உரசி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். ஓராண்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளில் சாலைப் பந்தயம் உட்பட நான்கு தங்கம் வென்றார்.

2020க்குப் பின் யூசிஐ விதிகளைச் சரமாரியாக இறக்கியது. மூளை அதிர்ச்சிக்கான நடைமுறை வந்தது. இறக்கத்தில் சைக்கிளின் மேல்குழாயில் அமர்ந்து சறுக்கும் நிலை 2021 ஏப்ரலில் தடையானது. 2023இல் 'சேஃபார்' என்ற பாதுகாப்பு அமைப்பு தொடங்கப்பட்டது. ஆபத்தாக நடந்துகொள்வோருக்கான மஞ்சள் அட்டை 2025 முதல் நிரந்தரமானது. 2024 செப்டம்பரில் சூரிச் உலகப் போட்டியில் இளம் சுவிஸ் வீராங்கனை முரியேல் ஃபூரர் விழுந்தது நெடுநேரம் யாருக்கும் தெரியவில்லை, மறுநாள் இறந்தார். அடுத்த ஆண்டு கிகாலி உலகப் போட்டியில் எல்லாருக்கும் ஜிபிஎஸ் கருவி பொருத்தினார்கள். வேலியும் மலை இறக்கமும் கூட்ட நெரிசலும் ஆபத்தாக இருக்கும் அடைத்த சாலைகளுக்கான மருந்து இவை. ஆக்லாந்தின் திறந்த சாலைகளுக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை. அங்கே தேவைப்படுவது கார் வராத ஒரு சுற்றுச்சாலை.

அது கிடைக்கும் வரை பாதிப் பொறுப்பு காரில் இருப்பவரிடம் இருக்கிறது. வார இறுதியில் கிளிவ்டன் பக்கம் கார் எடுத்துப் போகும் வாசகர்கள், விளக்கு சுழலும் வண்டியோ பந்தயப் பலகையோ கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கி, கூட்டம் முழுவதும் கடந்து பின்வண்டியும் போன பிறகு நகருங்கள்.