நியமப் பிழை வெளியீடு

நியமப் பிழை வெளியீடு என்பது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு நிரல் தன் பிழைச் செய்திகளையும் எச்சரிக்கைகளையும் அனுப்பும் தனித் தாரை. நியம உள்ளீடு (0), நியம வெளியீடு (1) ஆகியவற்றை அடுத்து இதன் கோப்பு விவரிப்பு எண் 2. ‘>’ குறி எண் 1-ஐ மட்டுமே கோப்புக்குத் திருப்புவதால் பிழைச் செய்திகள் திரையிலேயே தோன்றும்.

பிடிக்கும் முறைகள்: போர்ன் வகை ஷெல்களில் ‘2>’ பிழைகளைத் தனிக் கோப்பில் சேமிக்கும். கோப்புப் பெயருக்குப் பின் வரும் ‘2>&1’ இரு தாரைகளையும் ஒரே கோப்பில் சேர்க்கும். திருப்பல்கள் இடமிருந்து வலமாகச் செயற்படுவதால், அது கோப்புத் திருப்பலுக்கு முன்னால் வந்தால் பிழைகள் திரைக்கே செல்லும். முனையத்துக்கு நேரடியாக எழுதும் நிரல்களின் செய்திகளை ‘ஸ்கிரிப்ட்’ கட்டளை போலி முனையம் வழியாகப் பதிவுசெய்யும்.

வரலாறு: 1970-களில், ஒளி அச்சுக்கோப்புப் பணிகளில் பிழைச் செய்திகளும் சேர்ந்து அச்சாகி வேலை வீணானதால், இத்தாரை யூனிக்ஸில் சேர்க்கப்பட்டது. ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகும் குழாய்த்தொடரில் தரவுடன் பிழைச் செய்தி கலவாமல் காப்பது இதன் முதன்மைப் பயன்.