விவிலியம் தமிழுக்கு வந்த வரலாறு: சில வினாக்களும் விடைகளும்

நம் காலனியில் பொங்கலும் கிறிஸ்துமசும் ரம்ஜானும் ஒருங்கே கொண்டாடப்படுகின்றன. ஒரு வீட்டுப் பலகாரம் மறுவீடு செல்லாத பண்டிகை இல்லை. ஆயினும், அடுத்த வீட்டார் போற்றும் நூலைப்பற்றி நாம் அறிந்தது மிகச் சிறிதே. கிறித்தவ மறைபற்றி நண்பர்கள் நம்மிடம் அடிக்கடி வினவும் சில ஐயங்களுக்கு, வரலாற்றின் துணைகொண்டு இங்கே விடை கூற முற்படுகின்றோம். எந்தச் சமயத்தையும் உயர்த்துவதோ தாழ்த்துவதோ நம் கருத்தன்று.

முதல் வினா: விவிலியம் ஆங்கிலேயரின் நூல்தானே?

அன்று. பழைய ஏற்பாடு எபிரேய மொழியிலும், சில பகுதிகள் அரமேய மொழியிலும், புதிய ஏற்பாடு கிரேக்க மொழியிலும் எழுதப்பட்டன. ஏசுநாதர் பிறந்ததும் ஆசியக் கண்டத்திலேயாம். விவிலியம் ஒருவர் எழுதிய ஒரே நூலும் அன்று; பல நூற்றாண்டுகளில் பலர் இயற்றிய நூல்களின் தொகுதி. சீர்திருத்தச் சபையார் 66 நூல்களையும், கத்தோலிக்கர் 73 நூல்களையும் ஏற்பர். ஆங்கிலேயர் பெரிதும் போற்றும் ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு 1611-இல் வெளிவந்தது. அதற்கு 33 ஆண்டுகட்கு முன்னரே, 1578-இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் கிறித்தவச் சிறுநூல் தமிழில் அச்சேறிவிட்டது. அது விவிலியமன்று, சமய போதனை நூல். எனினும், இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சுவாகனம் ஏறும் பேற்றினைத் தமிழ் முதலிற் பெற்றது அந்நூலால் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இரண்டாம் வினா: தமிழில் முதலில் பெயர்த்தவர் யார்?

சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர். டென்மார்க் மன்னரால் அனுப்பப்பெற்று, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1708-இல் புதிய ஏற்பாட்டைப் பெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். லண்டன் சங்கமொன்று அச்சுப்பொறி அனுப்பியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு வந்தன. அவை அளவிற் பெரியன; தாளோ அரிய பொருள். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். 1715-இல் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்று வெளிவந்தது. இந்திய மொழி எதிலும் அதற்குமுன் அந்நூல் அச்சேறியதில்லை. பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரை பெயர்த்த அளவில், 1719-இல், முப்பத்தாறாம் வயதில் சீகன்பால்கு மறைந்தார். எஞ்சியதை சுல்ட்சு என்பவர் 1728-இல் நிறைவு செய்தார்.

மூன்றாம் வினா: அடிக்கடி திருத்துகின்றனரே, வேதத்தை மாற்றலாமா?

மூலம் மாறுவதில்லை, பெயர்ப்பே திருந்துகின்றது. இருப்புப்பாதையில் பணிபுரியும் நாம் நாள்தோறும் காணும் ஊர்ப்பலகையில் கன்னடம், இந்தி, ஆங்கிலம் என மூன்று எழுத்துகள் உள, ஊர் ஒன்றே. பலகை மங்கினால் மறுவண்ணம் தீட்டுகின்றோம். அதனால் ஊர் இடம் பெயர்வதில்லை. இறைவனைக் குறிக்கச் சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். பின்வந்த பப்ரிசியசு ‘பராபரன்’ என்றார். திருநெல்வேலியில் தொண்டாற்றிய இரேனியசு ‘தேவன்’ என்றார். பிற்காலத்தார் ‘கடவுள்’ என்றனர். 1871-இல் நிறைவெய்திய பவர் ஐயரின் பெயர்ப்பே இன்றும் சீர்திருத்தச் சபையார் இல்லங்களில் ‘பரிசுத்த வேதாகமம்’ எனப் பெரிதும் வழங்குவது. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி வெளியிட்ட பொது மொழிபெயர்ப்புக்குத் ‘திருவிவிலியம்’ என்று பெயர். பெயர் இரண்டாக வழங்குவதன் காரணம் இதுவே.

நான்காம் வினா: இப்பணியில் பிற சமயத் தமிழர்க்குப் பங்குண்டோ?

உண்டு. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்று, அவருக்கே தமிழாசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பில் பல்லாண்டு துணைநின்றார். அப்பெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. ஆயின் நாவலரோ சைவத்தை விட்டாரல்லர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பாதிரிமாரின் சமயப் பரப்புதலைத் தம் எழுத்தாலும் பேச்சாலும் கடுமையாக எதிர்த்தார். ஆசிரியரும் மாணவரும் கொள்கையில் வேறுபட்டனர். இருவர் உழைப்பும் தமிழுக்கு உரமாயிற்று. பிறர் நூலை வரிவரியாகக் கற்றபின்னரே மறுத்தார் நாவலர். கற்காமலேயே இகழ்தலும் வெறுத்தலும் மலிந்த இந்நாளில் அவர் நெறி நமக்குப் பாடமாதல் வேண்டும்.

ஐந்தாம் வினா: கிறித்தவர்க்குத் தெய்வம் மூன்றோ? மரியன்னையும் தெய்வமோ?

தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் விளங்கும் இறைவன் ஒருவனே என்பது அவர்தம் நம்பிக்கை. மரியன்னையைக் கத்தோலிக்கர் ஏசுவின் தாயெனப் போற்றிப் பரிந்துபேச வேண்டுவர். வழிபாடு இறைவனுக்கே உரியது என்பர். சீர்திருத்தச் சபையாரிடம் அவ்வழக்கம் இல்லை. செப்டம்பர் 8-ஆம் நாள் சிவாஜிநகர் மரியன்னை ஆலயத் திருவிழாவில், சேலை அணிந்த அன்னையின் தேரைக் காணப் பல சமயத்தாரும் திரள்வதை நாம் அறிவோம்.

நம் பெங்களூருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1910-இல் இங்கு எழுந்த ஐக்கிய இறையியற் கல்லூரியின் முதல்வராய் இருந்த லார்சன் என்னும் டென்மார்க்கு நாட்டறிஞர், தமிழ் விவிலியத் திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகமும் இந்நகரின் மகாத்மா காந்தி சாலையிலேயே உளது.

கடைசியாக ஒன்று. கடல் கடந்து வந்தவர் மணலில் எழுதிக் கற்ற தமிழை, நம் சிறார் எழுத்துக்கூட்டியும் படிக்க இயலாத நிலை வளர்கின்றது. கன்னடமும் ஆங்கிலமும் அவர்கள் நன்கு கற்கட்டும்; அது வாழும் மண்ணுக்கும் வயிற்றுக்கும் செய்யும் கடமை. ஆயினும், பாட்டியின் வேதாகமமும், தாத்தாவின் தேவாரமும், அண்டை வீட்டாரின் சீறாப்புராணமும் அலமாரியில் ஊமையாய்க் கிடத்தல் தகுமோ? பெற்றோர் நாளும் கால்மணி நேரம் பிள்ளைகளைத் தமிழ் படிக்கச் செய்வாராக. நூலைப் படிக்கத் தெரிந்தால், அயலாரைப்பற்றிய ஐயங்களைத் தாமே தீர்த்துக்கொள்ளும் ஆற்றல் அவர்க்கு உண்டாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை!