‘என் சரித்திரம்’ படிச்சேன், ஒரு திருத்தம் சொல்லணும்

இந்த எபிசோடு ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்குது.

ரெண்டு மாசம் முன்னாடி ஓலைச்சுவடிகள் பத்திப் பேசும்போது, “சங்க இலக்கியத்தை உ.வே.சாமிநாதையர் ஒத்த ஆளா கரையான்கிட்டேருந்து காப்பாத்தினார்”னு அடிச்சு விட்டிருந்தேன். யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாக் கொண்ட ஒரு நேயர் ஒரே வரியில மெயில் போட்டார்: “அப்ப எங்கட தாமோதரம்பிள்ளை ஆர், தம்பி?” சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா அதுவரைக்கும் நான் ‘என் சரித்திரம்’ படிச்சதே இல்லை. ஸ்கூல் பாடமும் வாட்ஸப் ஃபார்வர்டும்தான் என் சோர்ஸ்.

சரின்னு படிச்சேன். ஆறு வாரம், பெரும்பாலும் ஆபீஸ் கேப்ல. 1940ல ஆனந்த விகடனில் தொடரா ஆரம்பிச்சது. 1942ல அவர் இறந்ததும் பாதியிலேயே நின்னு போச்சு. 122 அத்தியாயம். உண்மையைச் சொல்றேன், முதல் நூறு பக்கம் எனக்கு நகரவே இல்லை. எந்த ஊர்ல யார் சாப்பாடு போட்டாங்க, யார் சம்பளம் தர்றதா சொன்னாங்கன்னு போய்க்கிட்டே இருக்கும். ஆனா மாயூரத்துல மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உள்ள வந்ததும் புத்தகமே மாறிடுது. வேங்கடராமன்கிற பையனுக்கு சாமிநாதன்னு பேர் வச்சதே அவர்தான். வாத்தியாருக்கு சங்கீதம் பிடிக்காதுன்னு, கோபாலகிருஷ்ண பாரதியார்கிட்ட போய்க்கிட்டிருந்த பாட்டு கிளாஸை பையன் விட்டுடறார். (இதை என்னால இன்னும் மன்னிக்க முடியலை.)

நான் ரெண்டு தடவை படிச்ச இடம் 21 அக்டோபர் 1880. கும்பகோணம் கல்லூரியில் உ.வே.சா. தமிழாசிரியரா சேர்ந்த வருஷம் அது, வயசு 25. ஊருக்குப் புதுசா முன்சீஃபா வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போறார். என்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ்னு அடுக்குறார். எதிர்ல இருக்கறவர் முகத்துல ஒரு மாற்றமும் இல்லை. இதையெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம்னு கேட்டுட்டு, சீவக சிந்தாமணி படிச்சதுண்டான்னு கேட்கிறார். இல்லை. அந்தக் காலத்துல தமிழ்ல பெரிய படிப்பு படிச்ச ஒரு மனுஷன், தன்னோட சிலபஸுக்கு வெளியே ஒரு கடலே இருக்குன்னு தெரிஞ்சுக்கிற தருணம் அது. இன்டர்வியூவில் உட்கார்ந்து வேர்த்தவங்களுக்கு அந்த வலி புரியும்.

முதலியார் கொடுத்த பிரதியை வச்சு இவர் படிக்க ஆரம்பிக்கிறார், புரியலை. அது சமணக் காப்பியம், இவரோ சைவ மடத்துல படிச்சவர். கடைசியில அதே கும்பகோணத்துல இருந்த சமணர்கள்கிட்ட போய்க் கேட்கிறார். அவங்க அதைப் புனித நூலா வச்சுப் படிச்சுக்கிட்டுதான் இருந்திருக்காங்க! ‘தொலைஞ்சு போன’ இலக்கியம்னு நாம சாதாரணமா சொல்றோமே, யாருக்குத் தொலைஞ்சது? சில தெரு தள்ளி ஒரு வீட்டுல அது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.

இன்னொரு சிக்கல், நச்சினார்க்கினியர் உரை. பழைய பாட்டுகளை மேற்கோள் காட்டுவார், ஆனா எந்த நூல்னு பல இடத்துல சொல்ல மாட்டார். டாக்குமென்டேஷன் இல்லாத கோடு மாதிரி. எங்கேயோ ஒரு லைப்ரரியைக் கூப்பிடுது, அந்த லைப்ரரி உங்க மெஷின்ல இல்லை. அந்த வரிகளைத் தேடிப் போய்தான் எட்டுத்தொகை, பத்துப்பாட்டு ஏடுகள்கிட்ட வந்து சேர்றார். சிந்தாமணி அச்சுல வந்தது 1887. அப்புறம் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894.

இப்போ என் தப்பு. சி.வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர், 1832ல பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் பட்டதாரிகள்ல ஒருத்தர். உ.வே.சா.வோட சிந்தாமணிக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சுல கொண்டு வந்துட்டார். எட்டுத்தொகையில் ஒண்ணான கலித்தொகை 1887ல அவர் பதிப்புலதான் வந்துச்சு. அதாவது சங்கத் தொகை நூல் பதிப்புல உ.வே.சா.வுக்கு முன்னாடி அவர் நிக்கிறார். நான் அவர் பேரைக்கூட சொல்லலை.

ஆச்சரியம் என்னன்னா, உ.வே.சா.வே இவரைப் பத்தி எழுதியிருக்கார். சிந்தாமணியைத் தானே பதிப்பிக்கணும்னு தாமோதரம்பிள்ளைக்கும் ஆசை. பிரதியைக் கேட்கிறார், இவருக்குக் கொடுக்க மனசில்லை. எண்பத்தஞ்சு வயசுலயும் அந்தப் பழைய தவிப்பு அந்தப் பக்கங்கள்ல அப்படியே இருக்கு. படிக்கும்போது நான் முழுசா உ.வே.சா. பக்கம்தான் நின்னேன். அப்புறம்தான் உறைச்சது, கதை சொல்றவரே அவர்தானே. தாமோதரம்பிள்ளை 1901லயே போயிட்டார், விகடன் தொடருக்கு வாசகர் கடிதம் போட முடியாது.

அவர் பதிப்புரைகளை எல்லாம் சேர்த்து ‘தாமோதரம்’னு ஒரு புத்தகம் வந்திருக்கு. அடுத்து அதைத்தான் எடுத்திருக்கேன். மெயில் போட்ட அண்ணா, முடிச்சதும் அதையும் பேசறேன். பழைய எபிசோடோட டிஸ்கிரிப்ஷன்ல திருத்தம் போட்டாச்சு.