நுங்கம்பாக்கத்துக் கல்தூண்



வானத்தை ஆராய்வதற்காகக் கட்டிய பழைய கட்டடம் என்று சொன்னால் உயரமான ஒரு கோபுரந்தான் நம் மனக்கண்ணில் தோன்றும். டென்மார்க் நாட்டின் தலைநகரான கோப்பன்ஹேகனில் அப்படி ஒன்று இருக்கிறது. வட்டக் கோபுரம் என்பது அதன் பெயர். நான்காம் கிறிஸ்தியான் என்னும் அரசர் கட்டத் தொடங்கி, 1642ஆம் ஆண்டில் முடித்தார். உயரம் ஏறக்குறைய 35 மீட்டர். சங்கின் உட்புறம் போலச் சுற்றிச் சுற்றி மேலேறும் சாய்தளத்தின் வழியே உச்சிக்குப் போகலாம். ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1716இல் குதிரைமேல் அமர்ந்தபடியே அதில் ஏறினார் என்று சொல்வார்கள்.

அந்த அரசரின் ஆட்சியில்தான் டேனியர்கள் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். தஞ்சைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். அதனால் அந்தக் கோபுரம் நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் கோபுரத்துக்கு ஒரு குறை உண்டு. கீழே தெருவில் வண்டிகள் ஓட ஓட, மேலே வைத்த கருவி அதிரும். நகரத்தின் விளக்கொளியும் தொல்லை கொடுக்கும். இந்தக் காரணங்களால் 1861இல் வானியலாளர்கள் அந்தக் கோபுரத்தைவிட்டு வேறிடம் போய்விட்டார்கள். நட்சத்திரம் பார்ப்பவனுக்கு உயரத்தைவிட ஆட்டமில்லாத அடித்தளம்தான் முக்கியம்.

இதை நன்றாக உணர்ந்து கட்டிய இடம் ஒன்று நம் முன்னோர் புறப்பட்டு வந்த சென்னையிலேயே இருந்தது. அங்கே கோபுரம் கிடையாது. 40 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள ஒரே அறை. அதன் நடுவில் 15 அடி உயரமான ஒரு கருங்கல் தூண். தூணின் எடை 10 டன். இன்று நாம் பேசப்போவது அந்தத் தூணைப் பற்றித்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் சிறியதொரு வானாய்வுக்கூடம் வைத்திருந்தார். சில ஆண்டுகளில் அவருடைய கருவிகள் கம்பெனியின் கைக்கு வந்தன. மைக்கேல் டாப்பிங் என்ற நில அளவையாளர் கம்பெனிக்கு எடுத்துச் சொல்ல, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கூவம் ஆற்றங்கரையில் புதிய கட்டடம் எழுந்தது. கம்பெனிக்காரர்கள் அறிவு வளர்க்கும் ஆசையால் மட்டும் பணத்தை இறைத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சோழமண்டலக் கடற்கரையில் நல்ல துறைமுகம் இல்லை. கப்பல் எங்கே நிற்கிறது, கரை எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் சரக்கோடு கப்பல்கள் மூழ்கின. நிலத்தை அளந்தால்தானே வரி வாங்க முடியும்? அளப்பதற்கு அடிப்படையாக ஓர் இடமாவது ஐயமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஓர் இடமாகத்தான் இந்தத் தூண் அமைந்தது.

எப்படி என்று கேட்கிறீர்களா? தூணின் தலையில் ஒரு தொலைநோக்கி பொருத்தப்பட்டிருந்தது. அதை மேலும் கீழும் அசைக்கலாம். இடம் வலமாகத் திருப்ப முடியாது. நேர் வடக்கிலிருந்து நேர் தெற்காக வானத்தில் ஒரு கோடு கிழித்தால், அந்தக் கோட்டை மட்டுமே அது பார்க்கும். கண்வைக்கும் இடத்தில் சிலந்தி நூல் போன்ற மெல்லிய இழை இருக்கும். நட்சத்திரம் அந்த இழையைக் கடக்கும் நொடியைப் பக்கத்திலுள்ள கடிகாரத்தைக் கொண்டு குறித்துக்கொள்வார்கள். இரவுதோறும் இதே வேலை. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே 1 மணிக்கு 15 பாகை. 1 பாகைக்கு 4 நிமிடம். லண்டனுக்கு அருகிலுள்ள கிரீனிச்சில் மணி என்ன, சென்னையில் மணி என்ன என்று ஒரே சமயத்தில் தெரிந்துவிட்டால், இரண்டு ஊர்களுக்கும் இடையே எத்தனை பாகை என்பது வெறும் வாய்ப்பாட்டுக் கணக்குத்தான். அந்தக் காலத்தில் தந்தி இல்லை. வியாழனின் நிலவுகள் மறையும் நேரத்தை இரண்டு ஊர்களிலும் குறித்து ஒப்பிட்டார்கள். இதில் 1 வினாடி தவறினால் வரைபடத்தில் சென்னை ஏறக்குறைய 450 மீட்டர் தள்ளிப்போய்விடும். தூண் ஏன் 10 டன் இருக்க வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? 1802இல் பரங்கிமலை அருகே கர்னல் லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கும் சென்னை வானாய்வுக்கூடமே ஆதாரப் புள்ளியாக விளங்கியது.

டாப்பிங் 1796இல் இறந்தபின் பொறுப்பேற்ற கோல்டிங்காம் செய்த ஒரு சோதனையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் பீரங்கி வெடிப்பது வழக்கம். கோட்டை இரண்டரை மைலுக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருந்தது. மலை ஐந்தரை மைலுக்கு மேல். வெடியின் ஒளி கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்கி, ஓசை காதில் விழும்வரை கணக்கிட்டார்கள். கோட்டையின் ஓசை வர 12 வினாடி. மலையின் ஓசை வர 26 வினாடி. இப்படி மாதக்கணக்கில் செய்து, ஒலியின் வேகம் வெயில் காலத்தில் கூடுகிறது, குளிர் காலத்தில் குறைகிறது என்று கண்டார். 1823இல் லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் அது அச்சாயிற்று. மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். மூன்று வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பால்மரக் காட்டில் இடி எவ்வளவு நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

சரி, தூணுக்கு வருவோம். சென்னைக்குப் போயிருந்தபோது நான் அதைப் பார்த்தேன். கட்டடம் இன்று இல்லை. கல்லூரிச் சாலையில் உள்ள வானிலை மைய வளாகத்தில் தூண் மட்டும் நிற்கிறது. அதில் லத்தீன் முதலிய மொழிகளோடு தெலுங்கிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிரித்தானியரின் தாராள மனத்தால் ஆசியாவில் கணித அறிவு முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வரும் மக்களும் அறியட்டும் என்பது அதன் கருத்து. கல் நன்றாக இருக்கிறது. செய்தி சரியில்லை. ஆரியபட்டர் தம் நூலை எழுதி 1,200 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, இங்கே கணிதம் இப்போதுதான் முளைக்கிறது என்று எழுதிவைத்தார்கள்.

அதே வானாய்வுக்கூடத்தில் 1805 முதல் சில ஆண்டுகள் பொறுப்பு வகித்த ஜான் வாரன் என்பவர் இதற்கு மாறான மனம் படைத்தவர். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்த அவர், நம்மவர் காலத்தைக் கணிக்கும் முறைகளை ஆண்டுக்கணக்கில் கேட்டறிந்து, ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலை 1825இல் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை அவர் சந்தித்தார். அவரிடம் தாளும் இல்லை, மையும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளையெல்லாம் சொற்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்த மனிதர், 1825 மே 31ஆம் தேதி இரவு பிடிக்கவிருந்த சந்திரகிரகணத்தை வாரனுக்குக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு 4 நிமிடமே பிசகியது.

இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்பவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மீதியையும் சொல்ல வேண்டும். கிரகணத்தின் நடுநேரத்தில் 23 நிமிடமும், முடியும் நேரத்தில் 52 நிமிடமும் வேறுபட்டன. தாம் போடும் கணக்கு ஏன் அப்படிப் போடப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரியாது; குருவிடம் கற்றதைப் பிழையில்லாமல் ஒப்பித்தார். வாய்ப்பாட்டைக் கேட்டதும் சொல்லும் பிள்ளைக்கு அதன் பொருள் தெரிகிறதா என்று நாங்கள் வகுப்பில் சோதிப்பதுண்டு. அந்தச் சோதனையில் அவர் தேறியிருக்க மாட்டார். ஆனால் அவருடைய நினைவாற்றலுக்கு முன்னால் எந்த ஆசிரியரும் எழுந்து நிற்கத்தான் வேண்டும்.

தூணையும் சோழியையும் ஒன்றுசேர்க்க ஒருவர் வந்தார். அவர்தாம் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே வானாய்வுக்கூடத்தில் சிறிய வேலையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளர் ஆனார். அப்போது தலைவராக இருந்தவர் நார்மன் போக்சன். 1861இல் சென்னையிலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து, அதற்கு ‘ஏசியா’ என்று பெயரிட்டவர் அவர். அவருக்குக் கீழே பணியாற்றிய இரகுநாதாச்சாரி 1867இல் தென்வானத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி மாதக்கணக்கில் கூடிக் குறைவதைக் கண்டார். சென்னையில் அந்த விண்மீன் தொடுவானத்தை ஒட்டியே எழுந்து மறையும். அதை விடாமல் கவனிக்க எத்தனை இரவுகள் விழித்திருக்க வேண்டும்! 1868ஆம் ஆண்டின் முழுச் சூரியகிரகணத்தை வனபர்த்தியிலும் 1871ஆம் ஆண்டின் கிரகணத்தை அவிநாசியிலும் இருந்து ஆராய்ந்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

எனக்கு அவரிடம் பிடித்தது இந்தப் பட்டங்கள் அல்ல. 1874 டிசம்பர் 9ஆம் தேதி வெள்ளி கிரகம் சூரியனுக்கு நேரே கடக்கவிருந்தபோது, பொதுமக்கள் புரிந்துகொள்ளட்டும் என்று இந்திய மொழிகளிலும் வரும்படி ஒரு சிறுநூல் எழுதினார். பஞ்சாங்கக்காரர்களை நோக்கி, உங்கள் கணக்கு வானத்தோடு ஒத்துவரவில்லை, திருத்துங்கள் என்று வாதாடினார். தாமே திருத்திய பஞ்சாங்கமும் வெளியிட்டார். வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் காட்ட, திருக்கணிதப் பஞ்சாங்கம் வேறு நேரம் காட்ட, எது சரி என்று நம் கோயில்களில் இன்றும் விவாதம் நடக்கிறதே, அதன் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது. ‘திருக்’ என்பது கண்ணால் காண்பது. தொலைநோக்கியில் தாம் கண்டதைக் கொண்டு தம் குடும்பத் தொழிலையே திருத்த முனைந்தவர் அவர். 1880இல் காலமானார்.

தூண் காட்டிய நேரத்துக்கு வேறொரு பயனும் கிடைத்தது. இந்தியாவில் ரயிலும் தந்தியும் பரவியபோது ஊருக்கு ஒரு மணி இருந்தால் ரயில் எப்படி ஓடும்? 1870களில் ரயில்கள் சென்னை நேரத்தை வைத்து ஓடின. 1906 ஜனவரி 1ஆம் தேதி இந்தியாவுக்குப் பொது நேரம் வந்தது. அது சென்னை நேரத்தைவிட 9 நிமிடம் முன்னால் இருந்தது.

நம் நாட்டுக் கதையும் இதேதான். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இல் ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் மலாயா முழுதுக்கும் ஒரே மணி கிடையாது. 1905 ஜூன் முதல் கிரீனிச்சுக்கு 7 மணி நேரம் முந்திய பொது நேரம் வந்தது. 1933இல் 20 நிமிடமும் 1941இல் இன்னும் 10 நிமிடமும் கூட்டினார்கள். ஜப்பானியர் 1942இல் வந்ததும் தோக்கியோ நேரத்தைத் திணித்தார்கள். கடிகாரம் ஏறக்குறைய எட்டு மணி காட்டியபோதுதான் இங்கே விடிந்தது. போருக்குப் பின் பழைய நேரம் திரும்பி, 1982 ஜனவரி 1ஆம் தேதி மீண்டும் அரைமணி முன்னால் தள்ளப்பட்டது. பெரட்டுக்கு நின்ற பெரியவர்களைக் கேளுங்கள், மணி மாறிய கதையைச் சொல்வார்கள். சூரியன் மட்டும் மாறவில்லை. பள்ளித் திடலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். மம்பாவில் நிழல் மிகவும் குறுகும் நேரம் கடிகாரத்தில் பன்னிரண்டு அல்ல; ஒரு மணியை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கும்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாதுவருடப் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பிழைத்தவர்களில் பலர் கடல் கடந்தார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கும் ஆள்கள் வந்தார்கள். மழை ஏன் பொய்த்தது, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அரசாங்கம் கேட்கத் தொடங்கியதும் அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான். அதன் விளைவாகக் கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வுக்கூடம் அமைந்தது. 1899இல் வானியல் வேலை நுங்கம்பாக்கத்தை விட்டு அங்கே போயிற்று. கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்பவர் 1909இல் கண்டதும் அங்கேதான்.

நுங்கம்பாக்கத்தில் மிஞ்சியது வானிலை வேலை. கோல்டிங்காம் 1796இல் வெப்பத்தையும் மழையையும் குறித்துவைக்கத் தொடங்கினார். அந்த வேலை தூணைச் சுற்றி இன்றும் நடக்கிறது. வங்கக் கடலில் புயல் சின்னம் தோன்றினால் தமிழ்நாட்டுக்கு எச்சரிக்கை அந்த வளாகத்திலிருந்துதான் வெளிவரும். சென்னையில் பெய்த மழையைச் செய்தியில் சொல்லும்போது நுங்கம்பாக்கத்தில் இத்தனை, மீனம்பாக்கத்தில் இத்தனை என்று பிரித்துச் சொல்வார்கள். இனிமேல் அந்தப் பெயர் காதில் விழும்போது, மழைமானிக்குப் பக்கத்தில் 1792ஆம் ஆண்டுத் தூண் ஒன்று நனைந்துகொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.