சட்டம் கொடுத்த பிறகு: மட்டக்களப்புப் பாடசாலை அரங்கும் கூத்துக் களரியும்

மட்டக்களப்பு நகரை அண்டிய பாடசாலைகளுக்குள் நாடகம் பெரும்பாலும் இரு வாசல்களால் நுழைந்திருக்கிறது. ஒன்று தமிழ்மொழித் தினப் போட்டி. மற்றது, போருக்கும் 2004 ஆழிப்பேரலைக்கும் பின் உளசமூகப் பணியாக நடந்த செயலமர்வு. போட்டிக்கு வெல்லக்கூடிய பிள்ளையைத் தெரிவுசெய்வார்கள். செயலமர்வு பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தேடித்தான் வந்தது. ஆனால் சில நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு போனது. மீன்பிடியையும் கூலியையும் நம்பிய வாவிக்கரை வீட்டுப் பிள்ளைக்கு அரங்கு உதவுவது மேடையேறும் ஒரு நாளால் அல்ல, நீண்ட பழக்கத்தால். தான் வராவிட்டால் ஆட்டம் குலையும் என்ற பொறுப்பால். அதற்கான முறை வாவியின் இரு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், மரபு நாடகமான கூத்தின் களரியாக ஏற்கெனவே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

களரியின் முதற்படியான சட்டம் கொடுத்தல் என்பது கூத்துப் பிரதியான ஏட்டிலிருந்து ஒருவருக்குரிய பாட்டையும் வசனத்தையும் பகிர்ந்தளிப்பது. அதை வாங்கியவர் அந்தப் பாத்திரத்துக்குக் கடமைப்பட்டவர். பின் மாதக்கணக்கில் மத்தளத்துக்கும் சல்லரிக்கும் கால் பழகவேண்டும். ஆட்டம் படிந்த பிறகே சதங்கை அணிதல், அதன்பின் அடுக்குப் பார்த்தல் என்னும் முழு ஒத்திகை, கடைசியில் அரங்கேற்றம். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையை இந்த முறை ஒதுக்குவதில்லை, ஏனெனில் பாட்டு காதால் வருகிறது. அடி மறந்தால் ஏடு பார்ப்பவர் எடுத்துக் கொடுப்பார். குரல் தளர்ந்தால் பிற்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்வர். அந்த உதவி திரைக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்படுவதில்லை. பார்ப்பவர் சுற்றியிருக்கும் வட்டக்களரியில் எல்லாரும் பார்க்கத்தான் நடக்கிறது, யாரும் அதைத் தோல்வியாக எண்ணுவதுமில்லை. பிழைக்குப் புள்ளி குறைக்கும் வகுப்பறையில் இப்படியொரு இடம் அரிது.

கூத்தையே சுருக்கித்தானே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வெற்றி கண்டார் என்று கேட்கலாம். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியபோது சுருங்கியது ஆற்றுகை நேரம், பழக்கம் சுருங்கவில்லை. கூத்து ஆசானான வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரிடம் மாணவர் ஆடிப் பழகியே மேடைக்கு வந்தனர். பாடசாலைகள் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டன: குறுகிய ஆற்றுகையை எடுத்துக்கொண்டு நெடிய பழக்கத்தைக் கைவிட்டன. கூத்தைச் சாராத சான்றும் இதையே காட்டுகிறது. அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ், முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவந்து களிமண்ணோடும் கதையோடும் விளையாடவிட்டது. அதன் பலம் அதே பிள்ளைகள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்ததில் இருந்தது. கூத்து மரபு இல்லாத முஸ்லிம் பிள்ளைக்குக் களரியைத் திணிக்கக்கூடாது என்பதற்கும் அந்தப் பூங்கா நல்ல சாட்சி. நான் கேட்பது களரியின் கால அளவை. அதன் கதைகளை அல்ல.

வலிய மறுப்பு வேறொன்று. கூத்தில் பெண் வேடத்தையும் ஆணே கட்டினான். பாத்திரப் பங்கீட்டில் சாதி நுழைந்தது. அரசரையும் போரையும் புகழ்ந்து பாடினர். போர் தின்ற மண்ணில் பிள்ளையின் கையில் மறுபடி வாளா? இதை மழுப்ப முடியாது. ஆனால் 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பின் சீலாமுனையில் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இந்தக் கேள்வியைக் கூத்தருக்கு முன்னாலேயே வைத்தது. கூத்தரும் ஊராரும் கூடிப் பிரதியை விவாதித்து, தாமே மாற்றினர். பழக்கம் நீண்டதாக இருந்ததால்தான் வாக்குவாதத்துக்கும் நேரம் இருந்தது. மூன்று நாள் செயலமர்வில் ஏடு திருத்தப்படாது, ஏடே இராது.

நேரம் எங்கே என்பார் அதிபர். தரம் 5 புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் பாடசாலை நாளை விழுங்கிவிட்டன என்பது உண்மை. ஆனால் களரி என்றைக்கும் வேலை முடிந்த இரவில் கூடியது. பழக்கத்தை ஊர்ப் பக்கம் நகர்த்தினால் பகலில் உழைக்கும் பிள்ளையும் வரமுடியும். அங்கே பெண்பிள்ளைகள் இரவில் வருவது சிக்கலாகும். அவர்களுக்குப் பின்னேரம் வேண்டும், கூட்டிச்செல்ல ஆள் வேண்டும். பட்டமில்லாத அண்ணாவியாருக்குச் சம்பளம் எழுத ஒரு வழியும் வேண்டும். நிகழ்ச்சித் திட்டங்கள் மேடை, ஒலி, உடுப்பு என்று பணம் ஒதுக்கும் நிரலில் இந்த மூன்றும் முதலில் வரவேண்டியவை.