கார் இருக்கை போகும் வழி

ஈத்தாமொழிப் பக்கத்துக் கதம்பை நாரையும் குலசேகரம் பக்கத்து ரப்பர் பாலையும் சேர்த்தால் இருக்கை மெத்தை ஆகும். ரப்பர் ஏற்றிய தென்னை நார்தான் ஒரு காலத்தில் எத்தனையோ வண்டி இருக்கைகளில் இருந்தது. 1990-களில் பிரேசிலின் பாரா மாநிலத்தில் மெர்சிடிஸ் வண்டிகளுக்காக அதை மறுபடி செய்து பார்த்தார்கள். இப்போது பெரும்பாலும் பாலியூரித்தேன் ஃபோம்.

மெத்தை எதுவானாலும், மோதலில் உயிரைத் தாங்குவது அதன் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமும், சாய்மானத்தைப் பிடித்து நிறுத்தும் பல் பூட்டும்தான். ஷோரூமில் நாம் தடவிப் பார்ப்பதோ மேலுறையை.

பின்னாலிருந்து லாரி இடித்தால் கார் முன்னால் பாயும். ஆளின் முதுகு முழு வேகத்தோடு சாய்மானத்தில் அழுந்தும். பூட்டு விட்டுப்போனால் சாய்மானம் மல்லாந்துவிடும். பெல்ட் போட்டிருந்தாலும் உடம்பு வழுக்கிப் பின்னால் போகும். குழந்தைகளைப் பின்னிருக்கையில் உட்கார வைக்கச் சொல்கிறோம். சரியும் இருக்கை விழுவதும் அங்கேதான். அமெரிக்காவின் டென்னசியில் 2001-இல் அப்படித்தான் எட்டு மாதக் குழந்தை ஒன்று டாட்ஜ் வேனுக்குள் இறந்தது. தயாரிப்பாளர் கட்ட வேண்டிய தண்டனை இழப்பீடாக 1.34 கோடி டாலரை 2008-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. லெக்சஸ் காரின் முன்னிருக்கைகள் சரிந்து இரண்டு குழந்தைகள் காயப்பட்ட வழக்கில் டல்லஸ் ஜூரி 2018-இல் சொன்ன தொகை 24.2 கோடி டாலர். சாய்மானம் 373 நியூட்டன் மீட்டர் திருப்பு விசையைத் தாங்கினால் போதும் என்ற 1960-களின் விதியே அங்கே நடப்பில் இருந்தது. ஐ.நா. விதி 17 கேட்பது 530. விதிப்படி தேறிவிட்ட இருக்கையும் கொல்லும் என்பதே அந்த வழக்குகளின் வேதனை.

நம் நாட்டில் இருக்கை வழக்குக்கு மிக அருகில் வருவது ஓர் ஏர்பேக் வழக்கு. 2015-இல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா கார் 2017-இல் மோதியபோது ஏர்பேக் விரியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், மோதிய விசை போதவில்லை என்று வாதாடியது. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாங்கியவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்டவர் பக்கம் நின்ற தீர்ப்பு அது, மனதார வரவேற்கிறேன்.

2020 ஜூலையில் நடப்புக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை இரண்டுக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. தக்கலைக்காரர் ஆலை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கெடு இரண்டு ஆண்டு.

ஆனால் இருக்கை அதுவரை இருக்க வேண்டுமே! விபத்து என்றால் இழப்பீட்டுத் தீர்ப்பாயம், எதிர் வண்டி ஓட்டியவர் தப்பு, இன்சூரன்ஸ் என்றுதான் நம் பேச்சு போகும். 'டோட்டல் லாஸ்' என்று எழுதியதும் வண்டி கைமாறி, ஆக்கர் கடையில் கழற்றப்பட்டு, இருக்கை எடைக்குப் போய்விடும். பூட்டு முறிந்ததா, பல் தேய்ந்திருந்ததா, வெல்டிங் விட்டதா என்று பிறகு யாரிடம் கேட்பது?

வண்டியை ஒப்படைக்கும் முன் சாய்மானம் எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்று படம் எடுங்கள். பூட்டையும் தரை போல்ட்டுகளையும் அருகில் வைத்து எடுங்கள். இருக்கையைக் கழற்றக் கூடாது என்று இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்தைக் கேட்க நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.