காணியாட்சி: உடைமையா, அதிகாரமா?

விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம் என்ற உரிமைகளோடு காலவரம்பில்லாமல் நிலம் ஒருவரிடம் இருப்பதை ஆங்கிலச் சட்டம் ஃப்ரீஹோல்டு என்கிறது. அச்சரப்பாக்கத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டுச் சீமையில் அதற்கு நெருக்கமாக இருந்தது மிராசு எனப்பட்ட காணியாட்சி. ஆனால் மிராசுதாரருக்குச் சொந்தமானது ஊரில் ஒரு பங்கு. சில ஊர்களில் அந்தப் பங்குக்குரிய வயல்கள் நிலையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பசுங்கரை ஊர்களில் அவை காலத்துக்குக் காலம் கைமாறின. வரிவிலக்குப் பெற்ற மானியமும், களத்தில் பெறும் விளைச்சல் பங்கான மேரையும், பிறர் உழுதால் கிடைக்கும் துண்டுவாரமும் பங்கைச் சேர்ந்தவை. மண் மாறினாலும் பங்கு மாறவில்லை என்றால், அந்த உடைமையின் சாரம் மற்றவர் எந்த நிபந்தனையில் உழலாம் என்று விதிக்கும் அதிகாரமே.

ஆர்க்காட்டு நவாப் 1763இல் இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தபின், இந்த அதிகாரத்தைச் சட்டத்தில் எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. சென்னைக் கலெக்டர் எல்லிஸ், மிராசு பற்றிய கேள்விகளுக்கு எழுதி 1818இல் அச்சான தம் விடைகளில், அது தொன்மையான தனியுடைமை என்று வாதிட்டார். கவர்னர் மன்றோ 1824இல் எழுதிய குறிப்பில் அவ்வளவு தூரம் போக மறுத்தார். தீர்வை விளைச்சலின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்போது மிஞ்சுவதை உடைமை என்று எப்படிச் சொல்வது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அது வருமானத்தை மட்டும் எடைபோடுகிறது. தரிசு நிலம் கேட்டு வெளியாள் விண்ணப்பித்தால் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்ற, உழவரிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறையின் நடைமுறை, லாபம் இல்லாத பங்கையும் பிறரைத் தடுக்கும் கருவியாக வைத்திருந்தது.

அப்படித் தடுத்தது சாதியின் வேலை, நிலச்சட்டத்தின் குற்றமல்ல என்று சிலர் சொல்லலாம். சாதி அதன் வேர் என்பது உண்மை. ஆனால் அந்தத் தடைக்கு அலுவலக முத்திரை கொடுத்தது முன்னுரிமை விதி. பறையர்கள் விளைநிலமும் மனையும் பெற முடியாமல் இருந்ததைக் கலெக்டர் திரமென்கீர் அறிக்கையாக எழுதியதும், அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கும் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்ததும் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தை வைத்துத்தான். ஒடுக்கப்பட்டோரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று பின்னர் அந்த ஒப்படைகளில் சேர்ந்த நிபந்தனை, முழு உடைமையின் இலக்கணப்படி ஒரு குறை. ஆனால் அந்தக் குறையே அந்த நிலத்துக்கு வேலி. வேலி இருந்தும் நிலங்கள் கைமாறின. அவற்றை மீட்கக் கோரி, மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள காரணையின் நிலங்களுக்காக 1994இல் நடந்த போராட்டத்தில் இருவர் உயிரிழந்தனர். விற்கும் சுதந்திரத்தை மட்டும் வைத்து உடைமையை அளந்தால் இந்த வரலாறு விளங்காது. யாரை வெளியே நிறுத்த அந்த உடைமை பயன்பட்டது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.